தட்டைத் திருப்பிப் போட்டால்

பீட்டில்ஸின் உதிரிப் பாடல்களைச் சேர்த்த 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பு, ஆல்பங்கள் சொல்லாமல் விட்ட கதையைச் சொல்கிறது. அதில் பம்பாய்க்கும் ஒரு பங்கு உண்டு.

1968 ஜனவரி. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் ஒரு டேப் ரெக்கார்டர் பயணம் செய்தது. கொண்டுவந்தவர் பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்தவர், அப்போது கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். கம்பெனியின் பம்பாய் ஸ்டூடியோவில் ஒற்றைத் தடத்தில் பதியும் மோனோ இயந்திரம்தான் இருந்தது. வந்திருந்த விருந்தாளிக்கு இரண்டு தடங்கள் தேவைப்பட்டன. விருந்தாளி சாதாரண ஆள் அல்ல. பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர், 24 வயது ஜார்ஜ் ஹாரிசன். ஒரு நிறுவனத்தின் தலைவரே தன்னுடைய தேவைக்காக இயந்திரத்தை ரயிலேற்றிக்கொண்டு வந்ததை ஹாரிசன் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

'வொண்டர்வால்' என்ற ஆங்கிலப் படத்துக்கு இசை பதிவதற்காக அவர் வந்திருந்தார். எச்.எம்.வி. ஸ்டூடியோவின் ஒலித்தடுப்பு அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை. மாலை ஐந்தரைக்கு மேல்மாடி அலுவலகங்கள் விட்டதும் குமாஸ்தாக்கள் தடதடவென்று படியிறங்கும் ஓசை மைக்கில் விழும். பதிவை நிறுத்திவிட வேண்டும். தெருவில் போன டாக்ஸிகள் சில பதிவுகளில் நிரந்தரமாகவே குடியேறிவிட்டதாக ஹாரிசன் சொன்னதுண்டு. படத்துக்கான வேலைக்கு நடுவே ஜனவரி 12 அன்று, படத்தோடு சம்பந்தமில்லாத ஒரு மெட்டையும் அவர் பதிந்துகொண்டார். அதில் கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. புல்லாங்குழல், ஹார்மோனியம், சரோட், தாள வாத்தியம் என்று முழுக்க இந்தியக் கருவிகள். ஹரிபிரசாத் சௌராசியா, ஆஷிஷ் கான் போன்றவர்கள் வாசித்தார்கள். நாடாவை லண்டனுக்கு எடுத்துச் சென்று, பிப்ரவரியில் அபே சாலை ஸ்டூடியோவில் தன் குரலைச் சேர்த்தார் ஹாரிசன். பாட்டின் பெயர் 'தி இன்னர் லைட்'.

1968 மார்ச் 15 அன்று 'லேடி மடோனா' என்ற அமர்க்களமான பாட்டு சிங்கிள் இசைத்தட்டாக வெளிவந்தது. பம்பாயில் பிறந்த பாட்டுக்கு அந்தத் தட்டின் பின்பக்கத்தில் இடம் கிடைத்தது. ஹாரிசன் எழுதிய பாட்டு பீட்டில்ஸின் சிங்கிள் ஒன்றில் இடம்பெற்றது அதுதான் முதல் முறை. தட்டு கடைக்கு வந்தபோது அவர் ரிஷிகேஷில் தியானத்தில் இருந்தார். பாட்டு எந்த ஆல்பத்திலும் சேரவில்லை. வானொலிக்காரர்கள் முன்பக்கத்தை ஒலிபரப்பினார்கள். பின்பக்கத்தைக் கேட்க வேண்டுமானால் யாராவது எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

அந்தச் சிரமத்தை ரசிகனுக்கு இல்லாமல் செய்த தொகுப்புதான் 1988 மார்ச்சில் இரண்டு பாகங்களாக வெளிவந்த 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்'.

பின்பக்கப் பாடல்களுக்கென்று ஒரு தனி வாழ்க்கை உண்டு. கர்நாடகக் கச்சேரியில் பிரதான ராகம் தானம் பல்லவியெல்லாம் முடிந்து, வித்வான் துக்கடாக்களுக்கு வரும்போது சபை சற்று இளகும். பாடுபவர் முகத்திலும் ஒரு விடுதலை தெரியும். இனி நிரூபிக்க எதுவும் இல்லை, பிடித்ததைப் பாடலாம். அந்த நேரத்துக்காகவே கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சிங்கிள் தட்டின் பின்பக்கமும் அப்படித்தான். முன்பக்கம் விற்பனைக்கு; பின்பக்கம் ஆசைக்கு. விற்றாக வேண்டும் என்ற கவலை முன்பக்கத்தோடு முடிந்துவிடுவதால் அந்தப் பக்கம் வேடிக்கைக்கும் சோதனைக்கும் சில சமயம் கோபத்துக்கும் இடம் கொடுத்தது.

ஆனால் ஓர் ஆபத்தும் இருந்தது. தட்டு கடையிலிருந்து மறைந்தால் பின்பக்கமும் அதோடு போய்விடும். ஆல்பங்கள் மறுபதிப்புக் காணும். சிங்கிள்கள் பழைய சாமான் கடைக்குப் போகும். பீட்டில்ஸ் விஷயத்தில் இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். காரணம், அவர்களிடம் இருந்த ஒரு நல்ல குணம்.

பிரிட்டனில் சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் மறுபடி சேர்ப்பதைக் கூடியவரை தவிர்ப்பது என்று குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் மேனேஜர் பிரயன் எப்ஸ்டைனும் வைத்திருந்தார்கள். ஒரே பாட்டுக்கு ரசிகன் இரண்டு முறை காசு கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். பள்ளிக்கூடத்துப் பையனின் கைச்செலவுக் காசில் வியாபாரம் நடந்த காலத்தில் இது பெரிய மரியாதை. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இந்த மரியாதை செல்லுபடியாகவில்லை. அமெரிக்காவின் கேப்பிடல் நிறுவனம் பிரிட்டிஷ் ஆல்பங்களைப் பிரித்து, பாட்டுகளைக் குறைத்து, சிங்கிள்களைக் கலந்து, அங்கே ஒன்று இங்கே ஒன்றாகப் புதுப்புது எல்.பி.க்களைச் சமைத்து விற்றது.

எனவே 1987-ல் பீட்டில்ஸ் இசை சி.டி. வடிவத்துக்கு மாறியபோது, எந்த நாட்டு வரிசையை அதிகாரபூர்வமாகக் கொள்வது என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டிஷ் வரிசையே மூலம் என்று தீர்மானமானது. விதிவிலக்காக 'மேஜிகல் மிஸ்டரி டூர்' மட்டும் அமெரிக்க எல்.பி.யின் வடிவில் வந்தது. உலகம் முழுவதும் ஒரே பட்டியல். எல்லாம் அடுக்கி முடித்த பிறகு பார்த்தால் 33 ஒலிப்பதிவுகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தன. அவற்றில் 13 சிங்கிள்களின் முன்பக்கப் பாடல்கள். 12 பின்பக்கப் பாடல்கள். 'லாங் டால் சாலி' என்ற நான்கு பாட்டு இ.பி. தட்டு முழுவதும், ஜெர்மன் மொழியில் பாடிய இரண்டு பாட்டுகள், அமெரிக்கச் சந்தைக்காகப் பதிந்த ஒன்று, தர்ம காரியத்துக்குக் கொடுத்த ஒன்று என்று மீதி எட்டு. இந்த 33-ம் காலவரிசைப்படி அடுக்கப்பட்டு முதல் பாகத்தில் 18, இரண்டாம் பாகத்தில் 15 என்று வெளிவந்தன. பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகளை நாள் நாளாக ஆராய்ந்தவர் என்று பெயர் பெற்ற மார்க் லூயிசோன் குறிப்புகள் எழுதினார்.

தலைப்பிலேயே ஒரு சிலேடை. 'பாஸ்ட் மாஸ்டர்' என்றால் ஒரு கலையில் கரைகண்டவர். 'மாஸ்டர்' என்பது இசைத்தட்டு தயாரிக்க உதவும் மூல ஒலிநாடா. கரைகண்டவர்களின் கடந்தகால நாடாக்கள்.

இதில் ஒரு சோகம் என்னவென்றால், தொகுப்பின் முதல் பாட்டுக்கே மூல நாடா கிடையாது. 1962 செப்டம்பர் 4 அன்று 'லவ் மீ டூ' பாட்டைப் பதிந்தபோது டிரம்ஸ் வாசித்தவர் ரிங்கோ ஸ்டார். குழுவில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வாசிப்பில் ஸ்டூடியோகாரர்களுக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, ஆண்டி வைட் என்ற தொழில்முறைக் கலைஞரை அழைத்து டிரம்ஸ் முன் உட்காரவைத்துப் பாட்டை மறுபடி பதிந்தார்கள். ரிங்கோ கையில் ஒரு டாம்பரினைக் கொடுத்து ஓரமாக நிற்கவைத்தார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை மாற்றுத்தோழனாக நிற்கவைத்தது போல.

1962 அக்டோபரில் வந்த முதல் சிங்கிளில் எப்படியோ ரிங்கோவின் பதிவே இடம்பெற்றுவிட்டது. ஆல்பத்தில் ஆண்டி வைட் வாசித்தது சேர்ந்தது. பின்னர் சிங்கிளின் மறுபதிப்புகளிலும் அதுவே புகுந்தது. ரிங்கோ வாசித்த பதிவின் மூல நாடா பாதுகாக்கப்படவில்லை. உலகத்தின் மிகப் பிரபலமான இசைக்குழுவின் முதல் சிங்கிள், அதன் சொந்த நிறுவனத்திடமே நாடாவாக இல்லை. 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தயாரித்தவர்கள் பழைய 45 சுழற்சி இசைத்தட்டு ஒன்றிலிருந்து அந்தப் பாட்டைப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. அன்று யாரோ ஒருவர் சில ஷில்லிங் கொடுத்து வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த தட்டு போன்ற ஒன்றுதான் வரலாற்றைக் காப்பாற்றியது. புகழ்பெற்ற எல்லா ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டு முடித்த ரசிகருக்கும் ரிங்கோ முதலில் வாசித்த அந்தத் தாளம் காதில் விழாது. உதிரித் தொகுப்பில்தான் அவருக்கு நியாயம் கிடைக்கிறது.

அவர் அதே தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் வட்டியோடு பதில் சொல்கிறார். 1966 ஜூனில் வந்த 'பேப்பர்பேக் ரைட்டர்' தட்டின் பின்பக்கம் 'ரெயின்'. தாளத்தை வேகமாக வாசித்துப் பதிந்து, பிறகு நாடாவின் ஓட்டத்தைக் குறைத்தார்கள். விளைவு, நனைந்த கம்பளி போல ஒரு கனம். அதற்குள்ளே ரிங்கோவின் கைகள் எதிர்பாராத இடங்களில் புகுந்து வெளிவருகின்றன. தன் வாசிப்பிலேயே தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று ரிங்கோ பலமுறை சொல்லியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு டாம்பரினோடு ஓரத்தில் நின்றவர் இவர்.

அதே பாட்டின் முடிவில் ஜான் லெனனின் குரல் பின்னிருந்து முன்னாக ஓடுகிறது. நள்ளிரவில் வீட்டில் நாடாவைத் தவறாக மாட்டியதால் கிடைத்த அதிர்ஷ்டம் என்றார் லெனன். யோசனை என்னுடையது என்றார் ஜார்ஜ் மார்ட்டின். வழக்கு தீரவில்லை. ஆனால் முன்பக்கப் பாட்டு ஒன்றில் இந்தத் துணிச்சலுக்கு அவ்வளவு எளிதில் அனுமதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். தட்டின் பின்பக்கம் பரிசோதனைச் சாலையாக வேலை செய்ததற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பின்பக்கம் சில சமயம் சண்டைக் களமாகவும் இருந்தது. 1968-ல் லெனன் 'ரெவல்யூஷன்' எழுதினார். உலகெங்கும் மாணவர்கள் தெருவில் இறங்கிய ஆண்டு. புரட்சி பற்றித் தன் நிலையைச் சொல்ல அவருக்கு அவசரம். முதலில் பதிந்த மெதுவான வடிவத்தையே சிங்கிளாக வெளியிட வேண்டும் என்றார். வேகம் போதாது என்று மெக்கார்ட்னியும் ஹாரிசனும் தயங்கினார்கள். லெனன் ஆத்திரத்தோடு மறுபடி பதிந்தார். கிதாரை ஒலிபெருக்கி வழியாகச் செலுத்தாமல் நேரே கட்டுப்பாட்டு மேஜையில் சொருகி, தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினார்கள். தகரத்தைக் கிழிப்பது போன்ற அந்த ஓசையைக் கேட்டுத் தட்டில் குறை என்று நினைத்தவர்களும் உண்டு. இவ்வளவு செய்தும் முன்பக்கம் கிடைக்கவில்லை. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் மெக்கார்ட்னியின் 'ஹே ஜூட்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொகுப்பில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. தாலாட்டு போன்ற ஆறுதல் முடிந்த மறுகணம் அந்தக் கிழிசல் ஓசை. குழுவுக்குள் இரண்டு தலைமைகள் மோதிக்கொண்டிருந்ததைப் பக்கம் பக்கமாக விளக்கும் சரிதைகளைவிட இந்தச் சில விநாடிகள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

வேடிக்கைக்கும் குறைவில்லை. 1970 மார்ச்சில் வந்த 'லெட் இட் பீ' ஏறக்குறைய ஒரு தேவாலயப் பாட்டு. தட்டைத் திருப்பினால் 'யூ நோ மை நேம்'. மட்டமான இரவு விடுதிப் பாடகர்களைக் கேலி செய்து, குரலை மாற்றி மாற்றிக் கூத்தடிக்கும் நான்கு நிமிடம். 1967-ல் தொடங்கி, கிடப்பில் போட்டு, 1969-ல் தூசு தட்டி முடித்தது. இதில் சாக்ஸபோன் வாசித்திருப்பவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரயன் ஜோன்ஸ். பத்திரிகைகள் எதிரிகளாகச் சித்தரித்த இரண்டு குழுக்கள், பின்பக்கத்தில் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தன. தட்டு வந்தபோது ஜோன்ஸ் உயிரோடு இல்லை. 1969 ஜூலையில் இறந்துவிட்டார். பீட்டில்ஸும் பிரிவின் விளிம்பில் இருந்தது. தொகுப்பு இந்தப் பாட்டோடுதான் முடிகிறது. பத்தாண்டு காலத்தின் மகத்தான குழு கண்ணீரோடு விடைபெறாமல் பழைய ஜோக் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவது ஒருவகையில் பொருத்தம்.

தர்ம காரியத்துக்குப் போன பாட்டின் கதையும் விசேஷமானது. 1968 பிப்ரவரியில் லெனனின் 'அக்ராஸ் தி யுனிவர்ஸ்' பதிவாகிக்கொண்டிருந்தது. உச்ச ஸ்தாயியில் ஸ்வரம் பிடித்து நிற்கும் குரல் தேவைப்பட்டது. ஸ்டூடியோ வாசலில் வழக்கம்போல் ரசிகைகள் காத்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை உள்ளே அழைத்துப் பாடவைத்தார்கள். கையெழுத்துக்காக நின்றவர்களுக்குக் கிடைத்தது மைக். பாட்டில் லெனனுக்குத் திருப்தி வரவில்லை. சிங்கிளாக வரும் வாய்ப்பும் போயிற்று. கடைசியில் வனவிலங்கு நிதிக்காக 1969 டிசம்பரில் வெளியான ஒரு கூட்டு எல்.பி.யில், பறவைகளின் சிறகோசை சேர்த்து, வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'லெட் இட் பீ' ஆல்பத்தில் ஃபில் ஸ்பெக்டர் இதே பாட்டை மெதுவாக்கி, பெரிய வாத்தியக் குழுவைச் சேர்த்தபோது, அந்த இரண்டு பெண்களின் குரல்களும் காணாமல் போயின. 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது.

லெனன் அந்தப் பாட்டை வேண்டாமென்று ஒதுக்கியதும், 'லேடி மடோனா'வின் பின்பக்கம் ஹாரிசனுக்குக் கிடைத்ததும் ஒரே மாதத்துச் சங்கதிகள். இங்கேதான் தொகுப்பின் இதயம் இருக்கிறது.

லெனன், மெக்கார்ட்னி என்ற இரண்டு ஆலமரங்களுக்கு நடுவே முளைத்த செடி ஹாரிசன். ஓர் ஆல்பத்தில் அவருக்கு ஒன்றிரண்டு பாட்டுகள் என்பது எழுதப்படாத சட்டம். 1966-ல் ரவிசங்கரிடம் சிதார் கற்க இந்தியா வந்தவருக்கு, இந்த நாட்டு இசை ஒரு சொந்த அறையைத் திறந்துகொடுத்தது. அந்த அறைக்குள் மற்ற மூவரும் அதிகம் வரவில்லை. 1967 இறுதியில் கேம்பிரிட்ஜில் சமஸ்கிருதம் போதித்த யுவான் மஸ்கரோ அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மஜோர்க்காத் தீவில் பிறந்த ஸ்பானியர். பகவத் கீதையையும் உபநிஷத்துகளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தான் தொகுத்த ஞான நூல் ஒன்றை அனுப்பி, சீன ஞானி லாவோ சூவின் 'தாவோ தே சிங்' வாசகங்களுக்கு மெட்டமைத்தால் என்ன என்று கேட்டிருந்தார். ஹாரிசன் 47-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டார். வாசலைத் தாண்டாமலே உலகத்தை அறியலாம், தூரம் போகப் போக அறிவு குறைகிறது என்பது அதன் சாரம்.

சீன ஞானம், ஸ்பானியர் யோசனை, ஆங்கிலேயர் மெட்டு, இந்துஸ்தானிக் கலைஞர்களின் வாசிப்பு. எங்கும் போக வேண்டியதில்லை என்று சொல்லும் பாட்டுக்காக ஒருவர் லண்டனிலிருந்து விமானம் ஏறினார். இன்னொருவர் கல்கத்தாவிலிருந்து டேப் ரெக்கார்டரோடு ரயில் ஏறினார். லாவோ சூ கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

லண்டனில் குரல் பதியும்போது ஹாரிசன் தயங்கினார். ஸ்தாயி உயரம், தன்னால் முடியாது என்று நினைத்தார். லெனனும் மெக்கார்ட்னியும் தைரியம் சொன்னார்கள். கடைசி வரிகளில் பின்பாட்டும் பாடினார்கள். வழக்கமாக அவர்களுக்குப் பின்பாட்டுப் பாடியவர் ஹாரிசன். ஒரு முறையேனும் வரிசை மாறியது. கேட்டால் இரண்டரை நிமிடம்தான். வேகமான துள்ளல் வாசிப்பும் அமைதியான குரலும் மாறி மாறி வருகின்றன. கருவிகள் ஓடும்போது குரல் நிற்கிறது. குரல் வரும்போது கருவிகள் அடங்குகின்றன. வெளியே அலைச்சல், உள்ளே நிதானம் என்று வாசகம் சொல்வதை இசையின் அமைப்பே செய்துகாட்டுகிறது. மேல்நாட்டு ராக் இசையில் இந்திய வாத்தியம் பெரும்பாலும் ஊறுகாயாகத்தான் பயன்பட்டது. சிதாரை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார்கள். இங்கே அது முழுச் சாப்பாடு. வித்வான்கள் தங்கள் பாணியில் வாசிக்கிறார்கள். பாடுபவர்தான் அவர்களுக்கு இசைவாக நடந்துகொள்கிறார்.

ஆனால் 1968-ன் தட்டுக் கவரில் அந்த வித்வான்களின் பெயர் இல்லை. அன்றைய பிரிட்டிஷ் சிங்கிள்கள் சாதாரணக் காகித உறையில் வந்தன. வாசித்தவர் யார் என்று போடுகிற வழக்கமே கிடையாது. பின்பக்கப் பாட்டு, அதிலும் மூன்றாமவர் எழுதியது, அதற்குள் வெளிநாட்டு வாத்தியக்காரர்கள். மறைந்துபோவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலை இருக்க முடியாது. 1978-ல் வந்த 'ரேரிட்டீஸ்' எல்.பி.யில் பாட்டு முதன்முறையாக ஓர் ஆல்பத்துக்குள் நுழைந்தது. ஆனால் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' வந்த பிறகே, பீட்டில்ஸின் முழு இசையையும் வாங்குகிற யாரும் தவிர்க்க முடியாத இடம் அதற்குக் கிடைத்தது. ஹாரிசன் 2001 நவம்பர் 29 அன்று காலமானார். சரியாக ஓர் ஆண்டு கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த நினைவு நிகழ்ச்சியில், ரவிசங்கரின் மகள் அனுஷ்கா சிதார் வாசிக்க, ஜெஃப் லின் இந்தப் பாட்டைப் பாடினார். பின்பக்கத்தில் கிடந்த பாட்டுக்கு அன்று ஒரு மாமன்றமே எழுந்து மரியாதை செய்தது.

தொகுப்பில் குறைகளும் இருக்கின்றன. காலவரிசை என்ற நூலில் கோத்திருப்பதால் ஓர் ஆல்பத்துக்குரிய ஏற்ற இறக்கம் முதல் பாகத்தில் இல்லை. 'ஷி லவ்ஸ் யூ' பாட்டையும், சில பாட்டுகள் கழித்து அதே பாட்டின் ஜெர்மன் வடிவத்தையும் கேட்பது ஆராய்ச்சியாளருக்கு விருந்து. மற்றவர்களுக்கு ஒரு முறை புன்னகைக்கலாம். 'தேங்க் யூ கேர்ள்' போன்றவை அவசரத்தில் முடித்த வேலை என்பது காதுக்கே தெரியும். ரசிகனிடம் இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்ற கொள்கையால் மிஞ்சிய பாட்டுகளையே தனித்தனியாக இரண்டு சி.டி.யாக விற்றதில் ஒரு முரண்பாடும் ஒட்டிக்கொண்டிருந்தது. 2009-ல் ஒலியைச் செப்பனிட்டு வெளியிட்டபோதுதான் சி.டி. வடிவில் இரண்டு பாகங்களும் ஒரே தொகுப்பாகச் சேர்ந்தன.

இருந்தும் இரண்டாம் பாகத்தின் 15 பாட்டுகளை ஒரே மூச்சில் கேட்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். மிச்சம் என்று ஒதுக்கியவையே இப்படியென்றால், மற்ற குழுக்கள் பலவற்றின் சிறந்த ஆல்பம் இதற்குப் பக்கத்தில் நிற்குமா? கல்யாண வீட்டில் மறுநாள் சுண்டவைத்துப் பரிமாறும் குழம்பின் ருசி பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களுக்குத் தெரியாது. தங்கி இருந்தவர்களுக்குத் தெரியும்.

2015 டிசம்பரிலிருந்து பீட்டில்ஸ் பாட்டுகள் இணையத்தின் வழியாகவும் கேட்கக் கிடைக்கின்றன. விரல் நுனியில் எல்லாம் ஒரே வரிசை. முன்பக்கம் இல்லை, பின்பக்கமும் இல்லை. எல்லாப் பாட்டும் சமம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சமத்துவத்தில் அதிகம் கேட்கப்பட்டது மேலே மிதக்கிறது; மற்றது அடியில் தங்குகிறது. திருப்பிப் போடும் சிரமம் இருந்த நாளில், காசு கொடுத்தவன் அந்தப் பக்கத்தையும் ஒரு முறையாவது கேட்டான். 2023 நவம்பரில் வெளியான பீட்டில்ஸின் கடைசிப் பாட்டான 'நவ் அண்ட் தென்' சிங்கிளுக்குக்கூட ஒரு மறுபக்கம் வைத்தார்கள். அதில் இருந்த பாட்டு 'லவ் மீ டூ'. தொடக்கமும் முடிவும் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களாயின.

ரயிலில் டேப் ரெக்கார்டரோடு வந்த பாஸ்கர் மேனன் பிற்பாடு அமெரிக்கா சென்றார். 1971-ல் கேப்பிடல் நிறுவனத்தின் தலைவரானார். 1978-ல் ஈ.எம்.ஐ. இசை நிறுவனத்தின் உலகளாவிய தலைமை அவரிடம் வந்தது. 1990 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2021-ல் மறைந்தார். 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' வெளிவந்த 1988-ல், பீட்டில்ஸின் இசையை உலகத்துக்கு விற்ற நிறுவனத்தின் உச்சியில் இருந்தவர் அவரே. அந்தத் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் ஆறாவது பாட்டு, அவர் தூக்கிவந்த இயந்திரம் பம்பாய்க்கு வந்துசேர்ந்த அதே ஜனவரியில் பதிவானது.